உதவி ஆசிரியர் ராஜி

நங்கநல்லூர், சென்னை
8 பிப்ரவரி 2024

அன்புள்ள கங்கா மன்னிக்கு சுபாஷிணியின் நமஸ்காரம். நானும் என் முதுகுவலியும் ஒருவரையொருவர் அனுசரித்துக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி? அண்ணா உப்பைக் குறைத்தாரா, இல்லை உங்களுக்குத் தெரியாமல் கடையில் நேந்திரங்காய் உப்பேரி வாங்கித் தின்கிறாரா?

காகிதத்தில் எழுதுகிறேனே என்று நெற்றியைச் சுருக்காதீர்கள். குடும்ப வாட்ஸ்அப்பில் இதே விஷயத்தைக் கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கட்டைவிரல் படம் போட்டீர்கள். கட்டைவிரலை ஆராய்ச்சியில் மேற்கோள் காட்ட முடியாது.

பத்திரிகை வேலையை விட்டபிறகு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருக்கிறேன் அல்லவா? தமிழ்நாட்டுக்கு வெளியே நடந்த சிறு தமிழ்ப் பத்திரிகைகளின் வரலாறுதான் தலைப்பு. அதில் ஓர் அத்தியாயம் நம் தாத்தா பிச்சுமணி மட்டாஞ்சேரியில் நடத்திய 'துறைமுக தீபம்' வாரப் பத்திரிகை. சென்னையிலும் எர்ணாகுளத்திலும் நூலகம் நூலகமாக அலைந்தேன். முழு இதழ் ஒன்றுகூட எங்கும் இல்லை. ஒரு பத்திரிகை என்ன செய்தது என்று அறிய அந்தப் பத்திரிகையேதான் வேண்டும். பின்னால் வந்தவர்கள் சொன்ன கதையெல்லாம் உதவாது.

சின்ன வயதில் கும்பகோணத்தில் அம்மா வீட்டில் தங்கிப் படித்தபோது, லீவுக்கு வந்தால் நம் வீட்டு மச்சில் அந்தக் கட்டுகள் மேல் உட்கார்ந்து மாங்காய் தின்றது நன்றாக நினைவிருக்கிறது. 1941ஆம் வருஷத்துக் கட்டு மட்டும் உடனே வேண்டும். நிகிலை விட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முடியாவிட்டால் மே மாதம் நானே வருகிறேன்.

அண்ணாவையும் நிகிலையும் மிகவும் கேட்டேன் என்று சொல்லவும்.
சுபா

மட்டாஞ்சேரி
27 பிப்ரவரி 2024

அன்புள்ள சுபாவுக்கு மன்னியின் ஆசிகள். உன் அண்ணா நலம். உப்பேரி தின்பதும் உண்மை. என் முழங்கால் படகுத்துறை வரை ஒத்துழைக்கிறது, திரும்பி வரும்போது மறுக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் படித்ததும் படிப்பித்ததும் மலையாளம். வீட்டில் கற்ற தமிழ்தான் இது. தப்பு இருந்தால் உன் ஆராய்ச்சிக் கண்ணை மூடிக்கொள்.

காகிதத்தில் எழுதியது எனக்கும் நல்லதுதான். வாட்ஸ்அப்பில் எழுதுவதை நீ யார் யாருக்கு அனுப்பிக் காட்டுவாய் என்று பார்த்தவள் நான். இந்தக் கடிதத்துக்கும் நகல் எடுத்து வைத்துக்கொண்டுதான் அனுப்புகிறேன்.

மச்சில் பேப்பர் ஒன்றும் இல்லை. பித்தளை அண்டா, உடைந்த கட்டில், ராத்திரி ஓட்டின்மேல் ஓடும் மரப்பட்டி போட்ட எச்சம், இவ்வளவுதான் இருக்கிறது. இந்த ஊர் மழையில் காகிதம் எத்தனை நாள் தாங்கும்? எனக்கு ஒன்று புரியவில்லை. பத்திரிகை ஆறு வருஷம் நடந்தது. உனக்கு ஏன் 1941 மட்டும்?

இங்கே பிள்ளை நிகிலைப் பற்றித்தான் கவலை. களமசேரி கம்பெனியில் மேனேஜரோடு ஓயாத தகராறு. போன வாரம் ராஜி வைத்துவிட்டான். மே மாதம் வராதே. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், உட்கார இடம் இருக்காது.

முதுகுக்கு வைத்தியசாலைக் குழம்புத் தைலம் தேய்த்துக்கொள், ஆஸ்பத்திரிக்கு ஓடாதே.
மன்னி கங்கா

நங்கநல்லூர்
15 மார்ச் 2024

அன்புள்ள மன்னிக்கு நமஸ்காரம். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. குழம்பு தேய்த்தேன், முதுகு தேவலை. உங்கள் உடம்பு எப்படி?

நிகில் ராஜியானது கேட்டு மனசுக்கு நிம்மதி. சின்னப் பையன், மேலே இருப்பவர்களோடு சண்டை போட்டு என்ன லாபம்? விட்டுக்கொடுத்துப் போவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று அத்தை சொன்னதாகச் சொல்லுங்கள்.

அண்ணாவோடு ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினேன். பேச்சுவாக்கில் சொன்னார்: "மச்சுல இருந்த பேப்பர்க் கட்டையெல்லாம் உன் மன்னி ஆட்டோல ஏத்தி வைப்பின் தீவுக்கு அனுப்பிட்டா. கமலாக்ஷி ஆத்துல காத்தோட்டமா இருக்குமாம். இங்க கரையான் வரதாக்கும்னு சொல்றா." எப்போது என்று கேட்டேன். என் கடிதம் வந்த மறுநாள் என்றார்.

மன்னி, ஒன்றுமே இல்லாத மச்சிலிருந்து உங்கள் தங்கை வீட்டுக்கு எதை அனுப்பினீர்கள்? பித்தளை அண்டாவையா?

1941 ஏன் என்று கேட்டீர்கள். ஒரு பழைய சேகரிப்பில் துறைமுக தீபத்திலிருந்து வெட்டிய செய்தித் துண்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அது உங்கள் தாத்தா வாஞ்சிநாதனைப் பற்றியது. அவர் எங்கள் தாத்தாவிடம் உதவி ஆசிரியராக இருந்தவர் என்பது மட்டுமல்ல, அந்தக் காலத்தில் என்ன செய்தார் என்பதும் அதில் இருக்கிறது. இதற்குமேல் இப்போது சொல்வதற்கில்லை.

வெயிலில் படகேறி அலையாதீர்கள்.
சுபா

மட்டாஞ்சேரி
20 ஏப்ரல் 2024

சுபாவுக்கு. எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், எழுத்திலேயே தெரிகிறது.

விஷு முடியட்டும், கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தேன். ஆறவில்லை. நிகில் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். அதைக் கேட்டு உனக்கு நிம்மதியா? விட்டுக்கொடுத்தால் கெட்டிக்காரத்தனமா? அவனிடம் படித்துக் காட்டினேன். "அத்தைக்கு என்மேல என்ன தேஷ்யம், எதுக்குக் கோவிச்சுக்கறா?" என்று கேட்கிறான். என்னிடம் உனக்குள்ள விரோதத்தைப் பையன் தலையில் இறக்காதே.

ஆமாம், கட்டுகள் வைப்பினில்தான் இருக்கின்றன. நான்தான் அனுப்பினேன். தரமாட்டேன்.

இந்த வீட்டுக்கு நான் வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. உன் அண்ணா பிடிவாதம் பிடித்து என்னைக் கட்டிக்கொண்டார். உன் அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'வாஞ்சிநாதன் பேத்தி' என்பார். துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைக் கம்பெனிக்கு விற்றவன், பத்திரிகையின் பேரைக் கெடுத்தவன், அவன் வீட்டுப் பெண் கையில் அலமாரிச் சாவி கொடுக்கக்கூடாது. இதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் உனக்கு அடை வார்த்துப் போட்டேன். நீயும் நன்றாகத் தின்றாய்.

அந்தத் துண்டில் என்ன இருக்கிறது? ஒளித்து வைத்துப் பேசாமல் சொல்.
கங்கா

நங்கநல்லூர்
2 மே 2024

அன்புள்ள மன்னிக்கு நமஸ்காரம். தங்கள் கோபம் தணிந்து, உடம்பும் சீராக இருக்க வேண்டும். நிகில் விஷயத்தில் எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. சமாதானமாகப் போனான் என்றால் நல்லது என்றுதானே எழுதினேன்? அதில் விரோதம் எங்கே வந்தது?

அம்மா பேசியது தப்பு. ஆனால் பொய்யா என்பதுதான் என் கேள்வி. துண்டில் இருப்பது அம்மா சொன்னதேதான். வேலைநிறுத்த விஷயத்தில் வாஞ்சிநாதன் கம்பெனியோடு சமரசம் செய்துகொண்டார். அதோடு அந்தச் செய்திகள் நின்றுபோயின. இதை ஒரு கட்டுரையாக எழுதிவிட்டேன். 'வேலைநிறுத்தத்தை விற்ற உதவி ஆசிரியர்' என்று தலைப்பு. ஓர் ஆய்விதழ் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அக்டோபரில் அச்சுக்குப் போகும்.

துண்டின் நகல் வேண்டுமென்றால் முதலில் கட்டுகளைக் காட்டுங்கள். நான் நகலை அனுப்பி, அதைப் பார்த்து நீங்கள் மூலத்தை அடுப்பில் வைத்துவிட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? இப்படி எழுத வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் தங்கள் நடவடிக்கை அப்படி.

அண்ணாவுக்கு என் அன்பு.
சுபா

மட்டாஞ்சேரி
9 ஜூலை 2024

சுபாவுக்கு. மழை விடவில்லை. பஜார் ரோட்டில் கணுக்கால் அளவு தண்ணீர்.

ஜூன் மாதம் உன் அண்ணாவுக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். உன்னிடம் சொல்லவேண்டாம் என்றார். இப்போது தேவலை. நம் சமூகத்தார் நூலகத்தில் புதிய வாசிப்பறை கட்டி அதற்கு உங்கள் தாத்தா பேரை வைக்கிறார்கள். நவம்பர் கடைசியில் திறப்பு. கமிட்டிக் கூட்டம் என்றால் மாத்திரையைக்கூட மறந்துவிட்டு ஓடுகிறார். இதைத்தவிர இப்போது அவருக்கு வேறு சந்தோஷம் இல்லை.

என் தாத்தாவைப் பற்றி நீ அச்சடிக்கப்போகிறாய். அச்சில் வருவதை நான் எதிர்த்துப் பேசினால் யார் கேட்பார்கள்? கேட்பதெல்லாம் ஒன்றுதான். அந்தத் துண்டில் உள்ள வார்த்தைகளை அப்படியே எழுது. உன் வியாக்கியானம் வேண்டாம்.
கங்கா

நங்கநல்லூர்
18 ஜூலை 2024

அன்புள்ள மன்னிக்கு. அண்ணா விஷயத்தை இரண்டு தடவை படித்தேன். போன் செய்தால் "ஒண்ணுமில்லைடீ, கேஸ் ட்ரபிள்தான்" என்கிறார். ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை. நான் அவ்வளவு அந்நியமாகிவிட்டேனா? மருந்து, நடை, சாப்பாடு எல்லாவற்றையும் நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு விஷயத்தில் உங்களைச் சந்தேகித்ததே இல்லை.

துண்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நகல் மங்கலாக இருப்பதால் அச்சு வாசகத்தையும் எழுதுகிறேன்:

'துறைமுக வேலைநிறுத்த விஷயத்தில் நமது உதவி ஆசிரியர் ஸ்ரீ வாஞ்சிநாதன் ராஜி. இனி அவ்விஷயமான செய்திகள் இப்பத்திரிகையில் வெளிவர மாட்டா.'

ஓரத்தில் யாரோ பென்சிலில் 'து. தீபம், ஆகஸ்ட் 1941' என்று குறித்திருக்கிறார்கள். இதைவிட வெளிப்படையாக ஒரு பத்திரிகை எப்படிச் சொல்லும்? கம்பெனியோடு ராஜி, அதனால் செய்தி நிறுத்தம்.

அண்ணாவைத் தனியாகக் கமிட்டிக்கு அனுப்பாதீர்கள்.
சுபா

மட்டாஞ்சேரி
30 ஜூலை 2024

அன்புள்ள சுபாவுக்கு ஆசிகள். உன் அண்ணா இன்று படகுத்துறை வரை நடந்து போய் நடந்தே வந்தார். சாயாவுக்குச் சர்க்கரை இல்லை என்று சண்டையும் போட்டார். கவலைப்படாதே.

உன் துண்டைப் படித்துவிட்டு அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன். பிறகு அழுதேன். பிறகு மறுபடியும் உன்மேல் கோபம் வந்தது.

அசடே, நிகில் ராஜி வைத்தான் என்று எழுதினேனே, அவன் மேனேஜரோடு கைகுலுக்கிவிட்டான் என்றா நினைத்தாய்? வேலையை விட்டுவிட்டான்! இங்கே ராஜி என்றால் அதுதான். மந்திரி ராஜி என்று இந்த ஊர்ப் பேப்பரில் போட்டால் மந்திரி வீட்டுக்குப் போய்விட்டார் என்று அர்த்தம். மலையாளத்தோடு கலந்து புழங்கும் எங்கள் தமிழிலும் அப்படித்தான். ராஜினாமா என்று நீட்டி முழக்க இங்கே யாருக்கும் நேரமில்லை. உங்கள் ஊரில் ராஜி என்றால் சமரசம் என்பது உன் கடிதத்தைப் பார்த்தபிறகுதான் எனக்கு உறைத்தது.

வாஞ்சிநாதன் விலகினார். விற்கவில்லை.

உன் அம்மா கும்பகோணத்துக்காரர். கல்யாணமாகி வந்த புதிதில் மச்சில் இந்த இதழைப் பார்த்து அவரும் உன்னைப்போலவே படித்திருக்கிறார். அதிலிருந்து பிறந்த பேச்சுதான் நான் கேட்டதெல்லாம். உன் தாத்தா அப்போது உயிரோடுதான் இருந்தார். மருமகள் சொல்வது அவர் காதில் விழாமல் இருந்திருக்காது.

வாய்ச்சொல்லை நம்பமாட்டாய் என்று தெரியும். வைப்பினுக்குப் போய் ஒரு பக்கத்தை நகலெடுத்து வந்தேன், பார். அதே பத்திரிகை, அதே வருஷம் பிப்ரவரி: 'நகரசபை அங்கத்தினர் ராஜி. ஒழிந்த ஸ்தானத்துக்கு மறுதேர்தல்.' சமரசம் செய்துகொண்டவர் இடத்துக்கு எந்த ஊரில் தேர்தல் வைப்பார்கள்?

கட்டுரையின் தலைப்பை இன்றைக்கே மாற்று.
மன்னி கங்கா

நங்கநல்லூர்
14 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மன்னிக்கு நமஸ்காரம். அண்ணா நடந்து போனது கேட்டு உயிர் வந்தது. எனக்கும் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, உங்கள் கடிதங்களின் உபயம்.

நகரசபைச் செய்தியைப் பார்த்தேன். நீங்கள் சொல்வது சரி. மொழியைத் தொழிலாக வைத்திருந்தவளுக்கு இது வெட்கக்கேடு. நிகிலிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். தலைப்பை எடுத்துவிட்டேன்.

ஆனால் மன்னி, விலகினார் என்றால் ஏன் விலகினார்? என் துண்டு நான்கு பக்கமும் கத்தரிக்கப்பட்டது. அந்தச் செய்தியைச் சுற்றி என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் பதில் கிடைக்கும். பிப்ரவரி இதழை இவ்வளவு சுலபமாக எடுத்து அனுப்பிய நீங்கள் ஆகஸ்ட் இதழைப் பற்றி மூச்சு விடவில்லை. உங்கள் தாத்தாவைக் காப்பாற்றும் பக்கமாக இருந்தால் அதைத்தானே முதலில் அனுப்பியிருப்பீர்கள்? அவர் கையும் களவுமாகப் பிடிபட்டு விலக்கப்பட்டாரோ என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

கட்டுரையில் இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: 'அவர் விலகிய காரணம் தெரியவில்லை. மூல இதழைக் காட்டக் குடும்பத்தார் மறுத்துவிட்டனர்.'

நலம் விழையும்
சுபா

மட்டாஞ்சேரி
2 செப்டம்பர் 2024

சுபாவுக்கு. எல்லோரும் நலம்.

'குடும்பத்தார் மறுத்துவிட்டனர்' என்ற வரியைப் படித்தபிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஜனங்கள் அதற்கு என்ன அர்த்தம் பண்ணுவார்கள் என்று உனக்குத் தெரிந்தே எழுதியிருக்கிறாய். இந்தா, ஆகஸ்ட் இதழ். நகல் அனுப்பினால் ஒட்டுவேலை என்பாய், அதனால் மூலத்தையே அனுப்புகிறேன். மெதுவாகப் பிரி, மடிப்பில் உதிர்கிறது.

முன்பக்கம் முழுக்கக் கம்பெனி விளம்பரம். அதற்கு முந்தைய வாரம் வரை அதே இடத்தில் தொழிலாளர் செய்திதான் வந்துகொண்டிருந்தது, என் தாத்தா பேர் போட்டு. விளம்பரத்தின் காலடியில் இருப்பதையும் படி: 'கம்பெனியாருக்கும் நமக்கும் இருந்த மனஸ்தாபம் தீர்ந்ததை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம். பத்திராதிபர் பிச்சுமணி.' உள்ளே உன் தாத்தாவின் தலையங்கம் மழைக்காலத்தில் தேக ஆரோக்கியம் பற்றி. தலையங்கத்துக்கு அடுத்த பத்தியில்தான் உன் துண்டு.

யாரை மறைக்க நான் கட்டுகளை வைப்பினுக்கு அனுப்பினேன் என்று இப்போது தெரிந்ததா? என் அப்பா கல்யாணத்துக்கு முன்பே எல்லாம் சொல்லியிருந்தார். உன் அண்ணா அவருடைய தாத்தாவைச் சாமி மாதிரி வைத்திருப்பவர். உன் கடிதம் வந்ததும் அவரே மச்சில் ஏறி இதழைத் தேடக் கிளம்பினார். அதனால்தான் ஆட்டோ பிடித்தேன்.

அவருக்கு இன்னும் தெரியாது. இப்போது உனக்குத் தெரியும். என் தாத்தாவின் பேரை நேராக்கு. மற்றதை உன் மனசாட்சிக்கு விடுகிறேன்.
கங்கா

மட்டாஞ்சேரி
25 அக்டோபர் 2024

சுபாவுக்கு. நலமா? உடம்புக்கு ஏதாவது என்றால் ஒரு வரி எழுது.

இதழ் செப்டம்பர் முதல் வாரமே உன் கைக்கு வந்துவிட்டது என்று தபாலாபீஸ் சொல்கிறது. கட்டுரை இந்த மாதம் அச்சுக்குப் போகும் என்றாய். ஆறு மாதம் என்னைச் சந்தேகப்பட்டு எழுத உனக்கு நேரம் இருந்தது. இப்போது ஒன்றும் எழுத வரவில்லையா? குடும்ப வாட்ஸ்அப்பில் நவராத்திரிக் கொலுப் படம் மட்டும் போட்டிருக்கிறாய். அதற்கு நானும் கட்டைவிரல் போட்டேன்.
கங்கா

நங்கநல்லூர்
5 நவம்பர் 2024

அன்புள்ள மன்னிக்கு அநேக நமஸ்காரம். தீபாவளி ஏதோ கழிந்தது. உங்கள் முழங்கால், அண்ணாவின் இருதயம் இரண்டும் நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். ஆய்விலிருந்தும் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் ஒரே ஓர் இதழை வைத்து ஒரு முடிவுக்கு வருவது ஆராய்ச்சி முறையல்ல. விளம்பரம் வேறு காரணத்துக்காகவும் வந்திருக்கலாம். அந்தக் காலத்துப் பத்திரிகைகள் பட்ட கஷ்டம் நமக்கு என்ன தெரியும்? அதோடு அண்ணாவின் உடம்பு இருக்கும் நிலையில், திறப்பு விழா நேரத்தில், இது எதற்கு? உங்கள் தாத்தாவைப் பற்றியும் இனி யாரும் எதுவும் எழுதப்போவதில்லை. எல்லோருக்கும் இதுதான் நல்லது.

இதழைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வைப்பினிலேயே இருக்கட்டும்.
தங்கள் அன்புள்ள
சுபா

மட்டாஞ்சேரி
19 நவம்பர் 2024

சுபாவுக்கு மன்னியின் ஆசிகள். நாங்கள் நலம். உன் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள், ஊறுகாயைக் குறை.

தபால் வந்தது. பிப்ரவரியில் இரண்டு விரல் அகலத் துண்டை வைத்துக்கொண்டு என் தாத்தாவைத் தூக்கில் போடக் கிளம்பினாய். இப்போது முழு இதழ் கையில் இருக்க, ஒரே ஓர் இதழ் போதாது என்கிறாய். உங்கள் ஊர் அர்த்தத்தில் நீ ராஜியாகிவிட்டாய், சுபா. உன் அண்ணாவின் இருதயத்தைக் காரணம் சொல்லாதே. அந்தக் காரணம் என்னுடையது. அதற்காக உன் அம்மாவிடம் தினமும் பேச்சு வாங்கியவள் நான். நீ அதை இரவல் வாங்காதே.

போன செவ்வாய்க்கிழமை காலைச் சாயாவோடு அந்த இதழையும் அவர் முன்னால் வைத்தேன். மாத்திரையையும் டாக்டர் நம்பரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். பூதக்கண்ணாடி வைத்து முன்பக்கத்தைப் படித்தார். உள்ளே திருப்பி அந்தச் சின்னச் செய்தியைப் படித்தார். அவருக்கு ராஜிக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுபடி முன்பக்கத்துக்கு வந்தார். சாயா ஆறிப்போனது.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்றார்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியுமாக்கும்" என்றேன்.

"அம்மா உன்னை அந்தப் பேச்செல்லாம் பேசறச்சே நீ ஒரு வார்த்தை பறஞ்சிருக்கலாமே?"

"நான் பறஞ்சா யாரு நம்புவா? வாஞ்சிநாதன் பேத்தின்னா பறயறாம்பா."

எனக்குப் பயமாக இருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொள்வாரோ என்று கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதழை மடிப்புக் கலையாமல் மூடினார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். துணைக்கு வரேன் என்றேன், வேண்டாம் என்றார். மத்தியானம் திரும்பி வந்து, "போர்டுல தாத்தா பேரு வேண்டாம்னு கமிட்டியில சொல்லிட்டேன். வெறும் வாசிப்பறைன்னு போட்டா போரும்" என்றார். கைகால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தவர், எனக்கும் ஒரு தட்டு எடுத்து எதிரில் வைத்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவை.

இனி நீ எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. படிக்கவேண்டியவர் படித்துவிட்டார்.

மன்னி கங்கா